செங்கல் முதல் கருமணல் வரை: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தில் கனிமப் பெயர்களின் வரலாறு

1. முன்னுரை

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகே செங்கல் என்னும் பெயருடைய ஊர் ஒன்று உள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கு நோக்கிச் சென்றால் களியக்காவிளை. அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்தது. எல்லைக்குத் தெற்கே 'செங்கல்' என்றால் களிமண்ணை அச்சிலிட்டு, உலர்த்தி, சூளையில் சுட்ட கல். எல்லைக்கு வடக்கே 'செங்கல்லு' என்றால் நிலத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் செந்நிறப் பாறை. முன்னது மனிதன் செய்தது. பின்னது இயற்கையில் விளைந்தது. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

கனிமங்களையும் அவற்றின் பயன்களையும் துறைசாராத மக்களுக்கு விளக்கும் முயற்சிகள் தமிழிலும் மலையாளத்திலும் நெடுநாளாக நடைபெற்று வருகின்றன. பாடநூல்கள், அரசு அறிவிப்புகள், சுற்றுச்சூழல் அறிக்கைகளின் சுருக்கங்கள், நாளிதழ்க் கட்டுரைகள் ஆகியன இவ்வகையில் அடங்கும். இம்முயற்சிகளில் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கலைச்சொற் பற்றாக்குறை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தில் வழங்கும் கனிமப் பெயர்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலனாகிறது. சொல் இல்லாமையைவிட, இரு மொழிக்கும் பொதுவான சொல் இரு வேறு பொருளைக் குறித்தலே இங்குப் பெரும் இடர். அவ்வாறு குறிக்கும்போது நேரும் பிழை மொழியளவில் நின்றுவிடுவதில்லை. நிலம், தொழில், உரிமை ஆகியவற்றையும் தொடுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எல்லையின் வரலாறு

1956ஆம் ஆண்டுக்கு முன்னர் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் அடுத்தடுத்து அமைந்து ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானமாகவும், 1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலமாகவும் அவ்வாட்சி விளங்கியது. தமிழ் வழங்கும் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் எனப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தான் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையையும் சேர்த்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்படி 1956 நவம்பர் 1 அன்று தென்வட்டங்கள் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இப்பிரிவினை மண்ணின் அடியில் உள்ளவற்றையும் இரண்டாக்கிற்று. மணவாளக்குறிச்சியின் கனிம மணல் தமிழ் ஆட்சிமொழியாகும் மாநிலத்துக்கும், கொல்லம் அருகே உள்ள சவறையின் கனிம மணல் மலையாளம் ஆட்சிமொழியாகும் மாநிலத்துக்கும் உரியவாயின. அதுவரை திருவிதாங்கூர் அரசின் கனிம ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. எனவே மக்கள் வழக்குச் சொற்களுக்கும் அலுவலகச் சொற்களுக்கும் இடையே மோதல் எழ வாய்ப்பில்லை. பின்னர் கேரளத்தில் 1968இல் மொழி நிறுவனமும், தமிழ்நாட்டில் 1970இல் பாடநூல் நிறுவனமும் தோன்றி உயர்கல்வி நூல்களை வெளியிட்டன. இரு பக்கமும் தத்தம் மரபுக்கு ஏற்பக் கலைச்சொற்களை வகுத்தன. பாறை தொடர்ந்தது, பெயர் எல்லையில் மாறியது.

3. செங்கல்: ஓர் அறிவியற் பெயரின் பிறப்பு

வெப்ப மண்டலத்தில் மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும்போது பாறையிலுள்ள சிலிக்காவும் எளிதில் கரையும் பொருள்களும் நீரோடு கழிந்து செல்கின்றன. இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சுகின்றன. அவ்வாறு எஞ்சியதே எல்லைப்புறத்தில் மேட்டு நிலங்களின் மேற்பரப்பில் காணப்படும் செம்பாறை. நிலத்தினுள் இருக்கும்போது கோடரியாலும் மண்வெட்டியாலும் வெட்டத்தக்க மென்மை உடையது. வெட்டி வெளியில் வைத்தபின் காற்றுப்பட்டு இறுகுவது. சுவர்க்கல்லாகப் பயன்படுவதற்கு இவ்வியல்பே காரணம்.

இப்பாறைக்கு உலக அறிவியலில் வழங்கும் லேட்டரைட் என்னும் பெயர் கேரள மண்ணில் பிறந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகிய பிரான்சிஸ் புக்கானன், 1800–1801ஆம் ஆண்டுகளில் மைசூர், கனரா, மலபார் பகுதிகளில் பயணம் செய்தார். 1807இல் வெளிவந்த தம் பயண நூலில், மலபாரின் அங்காடிப்புறத்தில் கண்ட இப்பாறையை விளக்கினார். உள்ளூர் மக்கள் இதனை இட்டிகைக் கல் எனும் பொருள்பட வழங்குவதைக் குறித்துக்கொண்டு, இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் 'லேட்டர்' என்னும் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியலார் கையாளும் ஒரு கலைச்சொல், தென்னிந்திய மக்கள் வழக்கின் நேர் மொழிபெயர்ப்பாகத் தோன்றியது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அங்காடிப்புறத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதற்கென நினைவுச் சின்னம் ஒன்றையும் அமைத்துள்ளது.

இட்டிகை என்பது தமிழிலும் சுட்ட கல்லைக் குறித்த பழஞ்சொல்லே. பிற்காலத் தமிழில் அவ்விடத்தைச் செங்கல் பற்றிக்கொண்டது. மலையாளத்தில் சுட்ட கல்லுக்கு இஷ்டிக என்னும் சொல் நிலைபெற்றமையால், செங்கல்லு என்பது வெட்டும் பாறைக்கு உரியதாயிற்று. வெட்டுகல்லு என்னும் பெயரும் உடன் வழங்குகிறது. தமிழில் அப்பாறை செம்பூரான்கல், துருக்கல் எனப் பெயர் பெறுகிறது. ஒரு வேரிலிருந்து கிளைத்த இரு மொழிகளில், ஒரு சொல் இடம் பெயர்ந்தால் அண்டைச் சொற்களும் இடம் மாறுகின்றன என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வேறுபாடு சட்டத்தையும் தொடுகிறது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்கீழ் செங்கல் மண் தொடக்கம் முதலே சிறுகனிமமாகும். லேட்டரைட் 2015இல் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டது. எனினும் இரண்டும் இரு தனி இனங்கள். மலையாள அனுமதிச் சீட்டில் 'செங்கல்லு' என்றிருப்பதைத் தமிழில் 'செங்கல்' என்று மாற்றினால், பாறை வெட்டும் குழி சூளைக்கு மண் எடுக்கும் குழியாகிவிடும். எழுத்துப் பிழை எதுவும் இல்லாமலே பொருட்பிழை நேரும் இடம் இது.

4. தாது, கனிமம், அயிர்

தனிக் கனிமங்களின் பெயர்களுக்கு முன், கனிமம் என்னும் பொதுப்பெயரிலேயே எல்லை குறுக்கிடுகிறது. இன்றைய தமிழ்ப் பாடநூல்களில் இயற்கையில் கிடைக்கும் பொருள் கனிமம். அதிலிருந்து உலோகத்தை ஆதாயமாகப் பிரித்தெடுக்க இயலுமாயின் அது தாது. மலையாளப் பாடநூல்களிலோ முன்னதே தாது; பின்னது அயிரு. இலங்கைத் தமிழ் வழக்கில் முன்னது கனிப்பொருள் எனப்படுகிறது.

அயிர் என்னும் சொல் தமிழுக்கும் உரியது. நுண்மை, நுண்மணல் என்பன அதன் பொருள்களாகத் தமிழ் அகராதிகளில் காணப்படுகின்றன. மலையாளத்தில் அது உலோகம் தரும் மண் எனச் சிறப்புப் பொருள் பெற்று, இரும்பயிரு முதலிய தொடர்களில் வழங்குகிறது. தாது என்னும் வடசொல்லோ பூந்தாது, உடற்கூறு, வினையடி எனப் பல பொருள் தாங்கி வந்து, தமிழில் ஒருபுறமும் மலையாளத்தில் மறுபுறமும் சாய்ந்தது. தமிழ்க் கனிமம், மலையாளக் கனிஜம் ஆகிய இரண்டுக்கும் சுரங்கத்தைக் குறிக்கும் ஒரே வடசொல்லே அடிப்படை.

கனிமம், தாது என்னும் வேறுபாடு இயற்கை சார்ந்தது மட்டுமன்று. பொருளியல் சார்ந்ததும் ஆகும். ஒரு பாறையில் உலோகம் உள்ளதா என்பதை வேதியியல் முடிவு செய்யும். அதனை எடுப்பது ஆதாயமா என்பதைச் சந்தையும் தொழில்நுட்பமும் முடிவு செய்யும். நேற்றுக் கனிமமாக மட்டும் இருந்தது இன்று விலை ஏறியதால் தாது ஆகலாம். ஆகவே 'தாது' என்பது ஒரு பொருளின் பெயராவதோடு, அதனை எடுக்கலாம் என்னும் மதிப்பீட்டையும் தன்னுள் அடக்கியுள்ளது.

இந்நுட்பத்தை மனத்திற்கொண்டு கடற்கரை மணலின் பெயர்களை நோக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு வழக்கில் அது தாது மணல். கேரளத்தில் கரிமணல், தாதுமணல் என இரு பெயர்களும் உண்டு. இலங்கையின் புல்மோட்டையில் கனிய மணல். தமிழ்க் கலைச்சொல் நெறிப்படி 'தாது மணல்' என்றால் எடுப்பதற்கு உரியது என முடிவு செய்யப்பட்ட மணல் என்றாகும். அதே வடிவம் மலையாளத்தில் கனிமம் கலந்த மணல் என்ற அளவில் நிற்கிறது. தமிழ்ப் பேச்சிலும் 'தாது உப்பு' போன்ற தொடர்களில் தாது என்பது கனிமத்தைக் குறிப்பதுண்டு. ஆயினும் ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் எந்தப் பொருளில் அச்சொல்லை ஆள்கிறார் என்பதைத் தெளிவுபடுத்தாவிடில், வாசகர் அறியாமலே ஒரு முடிவு அவர்மேல் ஏற்றப்படுகிறது.

5. கருமணலும் அதன் பயன்களும்

5.1 மணல் வந்த வழி

எல்லைப்புறத்தின் உட்பகுதிப் பாறைகள் பெரும்பாலும் கோண்டலைட், சார்னக்கைட் வகையின. இவை சிதைந்து பொடியானபின் நெய்யாறு, குழித்துறைத் தாமிரபரணி முதலிய ஆறுகள் அப்பொடியைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்குப் பருவக்காற்றுக் கால அலைகள் முறத்தின் வேலையைச் செய்கின்றன. புடைக்கும்போது பதர் விலகி மணி தங்குவதுபோல், எடை குறைந்த குவார்ட்ஸ் மணலை அலை ஈர்த்துச் செல்ல, எடை மிகுந்த கரிய மணல் கரையில் தங்குகிறது. குவார்ட்ஸ் நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தி உடையது, இல்மனைட் 4.7 மடங்கு, மோனசைட் சுமார் 5 மடங்கு அடர்த்தி உடையன.

இம்மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், சில்லிமனைட், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்துள்ளன. ஈர்ப்பு, காந்தம், மின்னேற்றம் ஆகியவற்றுக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் வினைபுரிவதால், ஆலையில் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன.

5.2 கயிற்றோடு சென்ற மணல்

1909ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் சி. டபிள்யூ. ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அக்கயிறு மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சார்ந்தது. நாரையும் கயிற்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கயிறு என்னும் திராவிடச் சொல்லின் திரிபே. சொல் சென்ற வழியில் மணலும் சென்றது எனலாம்.

மோனசைட்டின் மதிப்பு அன்று விளக்கொளியைச் சார்ந்திருந்தது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுர் வான் வெல்ஸ்பாக் 1885இல் எரிவாயு விளக்கு வலையை உருவாக்கினார். 1890களில் தோரியம் ஆக்சைடோடு ஏறத்தாழ 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடு கலந்த வலையே சிறந்தது என்பது தெளிவாயிற்று. தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைப்பது. அதுவரை பிரேசில் கடற்கரையே அதன் முதன்மை மூலமாக இருந்தது. ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சியில் பிரிப்பாலை அமைத்தார்; முதல் உலகப் போர் தொடங்கியபின் அத்தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

எல்லைப்புற ஊர்களில் திருமணப் பந்தலிலும் திருவிழாவிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு யாவரும் அறிந்தது. அதனுள் கட்டப்பட்ட, எரிந்தபின் தொட்டால் உதிரும் வெண்ணிற 'மேண்டில்' தோரியத்தால் ஆனது என்று சொன்னால், துறைசாராத வாசகருக்குத் தோரியம் விளங்கிவிடும். கடற்கரை மணல் அயல்நாட்டுக்குச் சென்று விளக்கு வலையாகி மீண்ட வரலாறும் உடன் விளங்கும். கலைச்சொல் அகராதியில் இடம்பெறும் விளக்கத்தைவிட இவ்வகை அறிமுகம் பயன் மிக்கது.

மின்விளக்குப் பரவியபின் மோனசைட்டின் மதிப்பு குறைந்தது. ஆனால் அதுவரை கழிவாகக் கருதப்பட்ட இல்மனைட் விலை பெற்றது. 1930களில் உலகின் இல்மனைட் தேவையில் பெரும்பகுதியைத் திருவிதாங்கூர் நிறைவு செய்தது. 1940களில் அணுசக்தியின் காரணமாக மோனசைட் மீண்டும் முதன்மை பெற்றது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. மணவாளக்குறிச்சி, சவறை ஆலைகள் 1965இல் அதன்கீழ் வந்தன. ஒரே மணற்குவியலில் எது பண்டம், எது கழிவு என்பது அரை நூற்றாண்டுக்குள் மும்முறை மாறியது. முற்பகுதியில் கூறிய கனிமம்–தாது வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான வரலாற்றுச் சான்று வேண்டுவதில்லை.

5.3 பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

இக்கனிமங்களின் பெயர்கள் மேலைநாட்டார் இட்டவை. இல்மனைட், உருசியாவின் இல்மென் மலையால் பெற்ற பெயர். சில்லிமனைட், அமெரிக்க அறிவியலாளர் பெஞ்சமின் சில்லிமனின் பெயர். ரூட்டைல், சிவப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். கார்னெட், மாதுளையின் இலத்தீன் பெயரோடு தொடர்புடையது. மோனசைட், தனித்திருத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1829இல் அமைந்தது; அருகிக் காணப்பட்டமையால் அப்பெயர் பெற்ற கனிமம் தென்திருவிதாங்கூர்க் கரையில் குவியலாகக் கிடந்தது. சிர்க்கானிலிருந்து கிளாப்ரோத் 1789இல் சிர்க்கோனியத்தைக் கண்டறிந்தபோது, அவர் ஆராய்ந்த கல் இலங்கையிலிருந்து சென்றது.

இப்பெயர்களை ஒலிபெயர்த்து எழுதுவது தவிர்க்க இயலாதது. உலகப் பொதுமைக்கு அது தேவையும் ஆகும். ஆனால் இவற்றுள் எப்பெயரும் பயனைச் சொல்வதில்லை. பயனைச் சொல்லும் சொற்கள் தச்சரிடமும் கொத்தரிடமும் முன்னரே உள்ளன. மரத்தை இழைக்கத் தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாள் போன்ற தேய்ப்புத் தாள்களில் ஒட்டப்படும் பொருள்களுள் கார்னெட்டும் ஒன்று. உலையின் உட்சுவரில் அடுக்கும் வெப்பந்தாங்கு செங்கல்லுக்குச் சில்லிமனைட் உதவுகிறது. குளியலறை ஓட்டின் மெருகுப் பூச்சில் சிர்க்கான் சேர்கிறது. சிகரெட் லைட்டரில் பொறி எழுப்பும் சிறு கல், மோனசைட்டிலிருந்து பிரியும் சீரியம் முதலியவற்றை இரும்போடு கலந்து செய்தது.

இல்மனைட்டின் பயன் வியப்புக்குரியது. கருமணல் கருமை பெறுவது பெரிதும் இதனால். ஆனால் இதிலிருந்து இரும்பை நீக்கினால் கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, அறிந்த வெண்ணிறமிகளுள் தலையாயது. சுவர் வண்ணம், காகிதம், பிளாஸ்டிக், பற்பசை ஆகியவற்றின் வெண்மைக்கு இதுவே காரணம். திருவனந்தபுரத்தில் 1946இல் தொடங்கப்பெற்ற திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் இந்நிறமியைச் செய்வதற்கே தோன்றியது. கருமணல் என்னும் பெயரை மட்டும் அறிந்தவருக்கு வெள்ளைச் சுவரோடு அதற்குள்ள உறவு தோன்றாது. கனிமம், அதிலிருந்து ஆகும் பண்டம், அப்பண்டத்தின் பயன் என்னும் மூன்று படிகளையும் சொல்லிணைப்பது விளக்குவோரின் கடமை.

அருமண் என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. 18ஆம் நூற்றாண்டு வேதியியலில் நீரில் கரையாத, வெப்பத்தைத் தாங்கும் ஆக்சைடுகள் 'மண்' எனப்பட்டன. சுவீடனில் புதிதாகக் கண்டறியப்பட்டவை அரிய மண் எனப் பெயர் பெற்றன. பின்னர் அவற்றுள் சீரியம் போன்றவை செம்பினும் குறையாத அளவில் புவியோட்டில் பரவியிருப்பது தெரியவந்தது. ஓரிடத்தில் செறிந்து கிடைத்தலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தலுமே அரியன. ஆகவே அருமண், அரியதும் அன்று, மண்ணும் அன்று. மூலமொழியின் பிழையைத் தமிழ் நேர்மையாகச் சுமந்து நிற்கிறது.

6. எல்லை கடந்து ஒத்த பெயர்கள்

பொருள் மாறும் சொற்களுக்கு இடையே, இருபுறமும் ஒத்து வழங்கும் சொற்களும் உள.

மைக்கா என்னும் ஒளிரும் ஏட்டுக் கனிமம் தமிழில் காக்காய்ப்பொன், மலையாளத்தில் காக்கப்பொன்னு. பொன்போல் மின்னியும் பொன்னாகாத பொருளை விலங்கு அல்லது பறவையின் பொன் என்னும் மரபு பிறமொழிகளிலும் உண்டு. ஜெர்மானியர் இதனைப் பூனைப்பொன் என்பர். பார்வைக்கு எப்படி இருக்கும், எதனோடு மயங்கலாம் என்னும் இரண்டையும் அறிவிக்கும் இப்பெயர், அறிமுகச் சொல்லுக்கு நல்ல இலக்கணமாகும்.

வைடூரியத்தின் வரலாறு நெடியது. நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு வட்டங்களின் பெக்மடைட் பாறைகளிலும் சரளைப் படிவுகளிலும் கிரிசோபெரில் என்னும் மணிக்கல் கிடைக்கிறது. பூனைக்கண்போல் ஒளிக்கோடு தோன்றும் அதன் வகையையே நவமணி மரபு வைடூரியம் என்கிறது. வடமொழி வைடூரியம் பிராகிருத வடிவின் வழியே கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆனது. இச்சொல்லுக்குத் திராவிட மூலம் காண்பாரும் உளர். கிரேக்கச் சொல்லிலிருந்து பெரில், பெரிலியம் ஆகியனவும், ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லும் பிறந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பொன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு சேர்ந்து கிரிசோபெரில் உருவாயிற்று. அப்பெயர் நிலவியல் வரைபடத்தில் நெய்யாற்றின்கரைக்குத் திரும்பியபோது, அங்கு அதே கல்லுக்கு வைடூரியம் என்னும் தாய்ச்சொல் வழக்கிலேயே இருந்தது. பெயர் ஒன்றே இரு வேடத்தில் தன்னைச் சந்தித்தது போன்றது இது. எனினும் பழைய நூல்களில் வைடூரியம் என்பது பெரில் உட்பட வேறு கற்களையும் குறித்ததாகத் தோன்றுவதால், வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்பவர் இன்றைய பொருளை அங்கு ஏற்றலாகாது.

கிராஃபைட் மற்றொரு வகையானது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வெள்ளநாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அகழ்ந்தெடுக்கப்பட்டது. அக்கால ஆங்கில ஆவணங்கள் இதனைக் கறுப்பு ஈயம் எனப் பொருள்படும் பெயரால் வழங்கின. தாளில் தேய்த்தால் ஈயம்போல் கோடு விழுவதே அப்பெயருக்குக் காரணம். இது ஈயம் அன்று, கரியே என்பதை ஷீலே 1779இல் நிறுவினார். எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வெர்னர் கிராஃபைட் எனப் பெயரிட்டார். கறுப்பு ஈயம் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காரீயம் ஆகும். தமிழிலும் மலையாளத்திலும் காரீயம் என்பது வெள்ளீயத்திலிருந்து வேறுபடுத்தி உண்மையான ஈயத்தையே குறிப்பது. ஆங்கிலத்தார் கைவிட்ட பிழை தமிழில் கிராஃபைட்டுக்குக் காரீயம் என்னும் பெயராக இன்றும் சில இடங்களில் வாழ்கிறது. ஈயம் நஞ்சு, கிராஃபைட் அத்தகையதன்று. இருபுறத்துப் பொற்கொல்லரும் வார்ப்புக் கலைஞரும் அறிந்த 'மூசை' என்னும் உருக்குக்கலத்தை முன்னிறுத்தினால், கடும் வெப்பத்திலும் உருகாத கிராஃபைட்டின் தலையாய தொழிற்பயன் குழப்பமின்றி விளங்கும்.

7. சொல்லின் விலை

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுக் கருத்துக் கேட்புக்கு உரிய திட்டங்களின் அறிக்கைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அளிக்கப்பட வேண்டும் என விதித்தது. கனிமங்களைப் பற்றிய அறிமுக உரைநடை இவ்வாறு சட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அவ்வறிவிக்கைக்கு மாற்றாக 2020இல் முன்வைக்கப்பட்ட வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளிவந்தபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அது வெளியிடப்பட வேண்டும் என டெல்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று ஆணையிட்டது. அறிந்து கருத்துரைக்கும் உரிமை மொழிபெயர்ப்பைச் சார்ந்து நிற்கிறது என்பதற்கு இது நீதிமன்றம் அளித்த ஏற்பாகும்.

2024இல் கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் அகழும் திட்டம் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் நடைபெறவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. திட்டப் பரப்பில் அடங்கிய கொல்லங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டத்துப் பொழியூரை அடுத்தது. இரண்டையும் ஒரே கடற்கரை இணைக்கிறது. மீனவர் உறவும் இணைக்கிறது. ஆனால் மணலைப் பற்றிய ஆவணம் ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் மலையாளத்திலும் எழுதப்படும். ஒரு பக்கத்து 'தாது' மறுபக்கத்துத் தாது அன்று என்பதை உறவினர் இருவர் அறியாது பேசினால், ஒரே திட்டத்தைப் பற்றி இருவேறு கருத்துக் கொள்ள நேரிடும்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள வழிவகுத்துள்ளது. ஆகவே எல்லைக்கு வடக்கே தமிழில் எழுதும் விண்ணப்பங்களும் அவற்றுக்கான விடைகளும் இச்சொற்சிக்கலுக்கு உட்பட்டவையே. 2025 செப்டம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள் முதலியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்தது. தமிழ்நாடு அரசு அதனை எதிர்த்தது. கூட்டத்தில் எழுந்து வினவிப் பொருள் அறியும் வாய்ப்பு இல்லாத நிலையில், அச்சிட்ட சொல் ஒன்றே மக்களை எட்டுவது. அச்சொல் மயக்கம் தருமாயின் திருத்துவோர் இல்லை.

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படுவன வருமாறு:

1. தமிழ்–மலையாள மொழிபெயர்ப்பில் வடிவொத்த கனிமப் பெயர்களையே முதலில் ஐயுற வேண்டும். செங்கல், தாது, அயிர் ஆகியன இதற்குச் சான்று.

2. கனிமப் பெயரை ஒலிபெயர்த்தபின், அதன் பண்டத்தையும் பயனையும் வாசகர் கையாளும் பொருளின் பெயரால் உடன் கூற வேண்டும். இல்மனைட்டுக்கு வெள்ளை வண்ணமும், தோரியத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வலையும், கிராஃபைட்டுக்கு மூசையும் உதவும்.

3. மூலமொழிப் பெயரின் வரலாற்றுப் பிழையை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். அருமண்ணைப் போல் நிலைபெற்றதை விளக்கத்தோடு ஏற்கலாம். காரீயத்தைப் போல் தீங்கு தருவதை விலக்க வேண்டும்.

4. எல்லை மாவட்டங்களுக்கென இருமொழிக் கனிமச் சொற்பட்டியல் ஒன்று இரு மாநில மொழி நிறுவனங்களும் இணைந்து உருவாக்கத்தக்கது. அதில் சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு, எச்சொல் எப்புறத்தில் எப்பொருள் தரும் என்பதும் இடம்பெற வேண்டும்.

அங்காடிப்புறத்தில் புக்கானன் புதுப்பெயர் தேடியபோது அம்மண்ணின் மக்கள் வழங்கிய சொல்லையே முதலில் கேட்டறிந்தார். அதன் பொருளை உணர்ந்து அவர் செய்த மொழிபெயர்ப்பு, உலகப் பொதுச்சொல்லாக இரு நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது. செங்கல் என்னும் ஊரைக் கடந்து செல்லும் மொழிபெயர்ப்பாளருக்கும் அதுவே நெறி: சொல்லின் வடிவைக் காண்பதோடு நில்லாது, அது சுட்டும் கல்லையும் கண்டு எழுதுதல் வேண்டும்.